பள்ளிகளின் போட்டியும் ஊராரின் பங்கும்

(ஆரணியில் கூடிய ஊராட்சி அன்பர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பள்ளிகளுக்கென நடைபெறும் இயக்கங்களையும் போட்டிகளையும் பற்றியது. “இது தலைமையாசிரியரின் கவலை, ஏர் பிடிக்கிறவனுக்கும் இதற்கும் யாது தொடர்பு?” என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உழவர் அன்பர்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. போட்டி அறிவிப்பு கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்குச் செல்கிறது. பள்ளியிலிருந்து பெயர்ப்பட்டியல் திரும்பி வருகிறது. ஊரார் செய்வதெல்லாம் பரிசளிப்பு விழாவன்று பந்தலும் நாற்காலியும் கொடுத்துவிட்டு, முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டுவதுதான். இந்த வழக்கம் மாற வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

போட்டிகளுக்கு இந்நாளில் குறைவில்லை. 2022-23 ஆம் கல்வி ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கலைத் திருவிழா நடைபெறுகிறது. கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் வழங்கப்படுகின்றன. திருக்குறள் 1330 ஐயும் ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசளிக்கிறது. புதிய கருவி ஒன்றைப் பற்றி நல்ல எண்ணம் தோன்றிய மாணவனுக்கு, அதைச் செய்து பார்க்க மத்திய அரசினர் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தின்கீழ் 10,000 ரூபாய் அளிக்கின்றனர். பிளாஸ்டிக் பொருள்களை வளாகத்திலிருந்து அறவே நீக்கிய பள்ளிகளுக்கு மஞ்சப்பை விருது உண்டு. முதற்பரிசு 10 இலட்சம், இரண்டாவது 5 இலட்சம், மூன்றாவது 3 இலட்சம் ரூபாய். ஒரு கிராமப் பள்ளிக்கு இது சிறு தொகையன்று.

இவற்றுள் முதல் மூன்றும் தனிப் பிள்ளையின் திறமையை அளப்பவை. அவை வேண்டியவையே. ஆயினும், ஒரு பிள்ளை மேடையேற நாற்பது பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பார்ப்பதை இயக்கம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நான்காவது வேறு வகை. பள்ளி முழுவதும் சேர வேண்டும். பள்ளி சேர்ந்தால் மட்டும் போதாது, ஊரும் சேர வேண்டும். அத்தகைய போட்டியைப் பற்றியே சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

இது புதிய கருத்தென்று எவரும் நினைக்க வேண்டா. நம் தகப்பனார்களின் காலத்திலேயே இந்த மாநிலம் இதை நடத்திக் காட்டியிருக்கிறது. 1956 இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை முதலமைச்சர் காமராசர் தொடங்கி வைத்தார். அத்திட்டத்தில் ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டார்கள். ஆறு காசு அரசினர் கொடுப்பது. நான்கு காசு ஊரார் சேர்ப்பது. இந்த நான்கு காசைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரிசியாகவும், பருப்பாகவும், விறகாகவும், தோட்டத்துக் கீரையாகவும் அது பள்ளிக்கு வந்தது. கொடுத்தவன் அடுத்த நாள் வந்து, “சோறு சரியாக வெந்ததா?” என்று கேட்டான். கேட்கும் உரிமை அவனுக்கு அந்த நான்கு காசினால் வந்தது.

அந்நாளில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. நமக்கு அயலாரல்லர், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். சோற்றுக்கு ஊராரை அழைத்தது போலவே, பள்ளியின் பிற குறைகளைப் போக்கவும் அழைக்கலாம் என்று பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை நடத்தினார். 1958 இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் அதன் முதல் மாநாடு கூடிற்று. அங்கிருந்து மாநிலம் முழுவதும் பரவிற்று. 1964 முதல் 1966 வரை நாட்டின் கல்வி முழுவதையும் ஆராய்ந்த கோத்தாரிக் குழுவும் சென்னை மாநிலத்தின் இம்முயற்சியைத் தன் அறிக்கையில் எடுத்துக் கூறியது.

மாநாடு என்றவுடன் சொற்பொழிவு என்று எண்ணிவிடாதீர்கள். (இப்படிச் சொல்பவரும் சொற்பொழிவுதானே ஆற்றுகிறார் என்று நீங்கள் புன்னகை செய்வது தெரிகிறது.) அதன் வேலை மாநாட்டு நாளுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். பள்ளித் துணை ஆய்வாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று, ஆசிரியரையும் ஊர்ப் பெரியவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, அப்பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதுவார். கூரை, சுற்றுச் சுவர், கரும்பலகை, தேசப்படம், கடிகாரம், குடிநீர்ப் பானை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டை, சிலேட்டு என்று பொருள் வாரியாக இருக்கும். பக்கத்தில் அதன் விலையும் இருக்கும். பட்டியல் ஊராரிடம் போகும். பணம் உள்ளவர் பணம் கொடுத்தனர். மூங்கில் வைத்திருந்தவர் மூங்கில் கொடுத்தனர். ஒன்றும் இல்லாதவர் மண் சுமந்தனர். மாநாட்டில் எழுந்து நின்று ஒவ்வோர் ஊரும், எதை எழுதினோம், எதை முடித்தோம், எது பாக்கி என்று சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் முடித்ததை நம் ஊர் முடிக்காவிட்டால் தலை குனிய வேண்டியிருந்தது. போட்டி அங்கேதான் இருந்தது; பிள்ளைக்கும் பிள்ளைக்கும் அன்று, ஊருக்கும் ஊருக்கும்.

அவ்வியக்கத்திலும் குறை இருந்திருக்கும். கொடுத்ததைவிடப் பெரிதாகப் பெயரைப் பொறித்துக்கொள்கிறவர் எக்காலத்திலும் உண்டு. செல்வர் மிகுந்த ஊரின் பள்ளி மேலும் செழிப்பதும், கூலிக்காரர் மட்டும் வாழும் ஊரின் பள்ளி அப்படியே நிற்பதும் நன்கொடை முறைக்கு இயல்பான குற்றம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இயக்கத்திலும் இக்குறை நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே. ஆனால், விலையோடு எழுதிய அந்தப் பட்டியல் என்ற கருவி இருக்கிறதே, அதைவிட எளிய கருவி நம் அலுவலகங்களில் இன்னும் பிறக்கவில்லை.

நிற்க. மஞ்சப்பை விருதுக்கு வருவோம்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை இம்மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் அரசினர் தடை செய்தனர். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. தடை இருந்தும் பை ஒழியவில்லை என்பதை உங்கள் வீட்டு எருக்குழியே சொல்லும். குப்பையோடு குப்பையாய்ப் பையும் எருக்குழியில் விழுகிறது; எருவோடு வண்டியேறி வயலுக்குப் போகிறது; மண்ணுக்குள் படிந்து நீரைக் கீழிறங்க விடாமல் நிற்கிறது. வாய்க்கால் மதகில் அடைத்துக்கொண்ட பையைக் கையால் பிடுங்காத உழவர் இங்கே ஒருவரேனும் இருப்பின் சொல்லட்டும். சோற்று மணம் வீசும் பையை மாடு தின்றால் அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. முதல் இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. மாடு தீனி எடுக்காமல் மெலிகிறது. சில வேளை இறந்தும் போகிறது. நம் கமண்டல நாகநதியின் கரையில் கோடையில் நடந்து பார்த்தவர்க்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை. ஆகவே இது பள்ளிக்கூடத்து விஷயம் மட்டுமன்று, உழவரே!

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் பணியாற்றியபோது, தூய்மையான பள்ளிக்கான போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் நாமும் ஒருவராக இருந்தோம். ஒரு பள்ளிக்குச் சென்றோம். வாசலில் மாக்கோலம்; சுவரில் ஓவியங்கள்; எல்லாப் பிள்ளைகள் தோளிலும் புத்தம் புதிய மஞ்சள் பை; ஒரு காகிதத் துண்டுகூடக் கண்ணில் படவில்லை. மனம் மகிழ்ந்து கையெழுத்திட்டோம். பள்ளிக்குக் கேடயம் கிடைத்தது. ஐப்பசியில் மழை கொட்டிற்று. வேறு வேலையாக அவ்வழியே போனவர்கள் பள்ளியை எட்டிப் பார்த்தோம். பின்புறத்துக் குட்டை நிரம்பி வழிந்து, நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் அதில் தள்ளி மண்ணிட்டு மூடிய பிளாஸ்டிக் அனைத்தும் விளையாட்டுத் திடலெங்கும் மிதந்துகொண்டிருந்தது. ஆசிரியர் தலை குனிந்து நின்றார். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று நம் அருகே வந்து, “ஐயா, கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கணுமா?” என்று கேட்டது.

நாம் விடை சொல்லவில்லை. குட்டையைச் சுற்றிப் பார்க்காமல் கையெழுத்திட்ட குற்றம் நம்முடையது. ஆசிரியரைக் குறை கூறுவதும் எளிதன்று. பத்து நாள் அவகாசத்தில் வந்த அறிவிப்பு. குப்பையை எடுத்துச் செல்ல ஊராட்சி வண்டி அனுப்பவில்லை. அவர் எங்கேதான் கொண்டு போவார்? நாம் வருந்துவது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். மண்ணிட்டு மூடும்போது அவர்களும் உடன் நின்றிருக்கிறார்கள். தூய்மையைக் கற்பிக்க நடத்திய போட்டியில் அவர்கள் கற்றது வேறொன்று.

எனவேதான் ஒரு நாள் தேர்வில் நமக்கு நம்பிக்கை குறைவு. அயல் நாடுகளில் 1994 முதல் ‘ஈகோ ஸ்கூல்ஸ்’ என்ற இயக்கம் நடைபெற்று வருகிறது. டென்மார்க், பிரிட்டன் முதலிய ஐரோப்பிய நாடுகளில் தொடங்கி இன்று பல கண்டங்களில் பரவியுள்ளது. தகுதி பெற்ற பள்ளிக்கு ஒரு பச்சைக் கொடி தருகிறார்கள். கொடி நிரந்தரமன்று, குறித்த காலம் கழிந்தபின் மீண்டும் சோதனைக்கு உட்பட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். குறைகளைக் கண்டறிந்து எழுதுவதும் பிள்ளைகளின் குழுவே. இந்த இரண்டையும் நாம் தாராளமாகக் கைக்கொள்ளலாம்; எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

இனி ஆரணிப் பக்கத்துக்கென்றே உள்ள செய்தி ஒன்று. இந்நகரிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு முதலிய ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகள் பலர். கடைகளில் துணிபோலவே தோன்றும் ஒரு வகைப் பை விற்கிறது. மெல்லிய துணி என்று எண்ணி நல்லெண்ணத்தோடு வாங்குகிறோம். அது துணியன்று, உருக்கி அழுத்திய பிளாஸ்டிக். தடை செய்யப்பட்ட 14 வகையுள் அதுவும் ஒன்று. படித்த அலுவலர்களே ஏமாறுகிறார்கள். விழா மேடையில் அதையே பரிசாகக் கொடுத்ததையும் கண்டிருக்கிறோம். ஆனால், நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஏமாற வேண்டியதில்லை. பாவு எது, ஊடை எது என்று அதற்குத் தெரியும். பையின் ஓரத்தைக் கிழித்து ஓர் இழையை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். இழை வந்தால் துணி, வராவிட்டால் பிளாஸ்டிக். அண்மையில் ஒரு பள்ளியில் இதைச் சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் ஒவ்வொரு கடையிலும் இழை உருவத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர்கள் எம் அலுவலகத்திற்கு வந்து முறையிட்டார்கள். முறையீட்டை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டோம்.

பைகளைப் போட்டிக்காக நகரத்திலிருந்து ஐந்நூறு, ஆயிரம் என்று அச்சிட்டு வாங்க வேண்டா. ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. தையல் இயந்திரம் இருக்கிறது. வீட்டில் பழைய வேட்டியும் உண்டு. நான்கு முழத் துணியில் எத்தனை பை என்று கணக்குப் பாடத்தில் கேட்டால் கணக்கும் வரும், பையும் வரும்.

அடுத்துச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. நெசவாளத் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு சிற்றூரில், மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வரவில்லை என்று தலைமையாசிரியை வருந்தினார். அவரோடு வீட்டுக்குப் போனோம். குழித்தறியில் தந்தை, இராட்டையருகில் அப்பெண், தார் சுற்றிக்கொண்டிருந்தாள். “ஐயா, முகூர்த்தப் புடவை. வெள்ளிக்கிழமை அறுத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். இவள் அம்மாவுக்குக் காய்ச்சல். நான் என்ன செய்யட்டும்?” என்றார். சட்டம் நமக்குத் தெரியும். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்போ விடுமுறையிலோ, படிப்புக்கு இடையூறின்றி உதவலாம் என்று மட்டும் 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் இடங்கொடுக்கிறது. சட்டத்தை அவரிடம் சொல்லாமல் வரவில்லை. ஆனால், நம் பக்கத்துத் தவறும் அங்கே புலப்பட்டது. பயிற்சியைப் பள்ளி முடிந்தபின் வைத்திருந்தார்கள். தறி வீட்டில் பிள்ளையின் கை தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். போட்டியின் நாளோ முகூர்த்தக் காலத்தின் நடுவில் விழுந்திருந்தது. நாட்காட்டி எழுதுகிறவர் எவரும் தறியைப் பார்த்து எழுதவில்லை. நாற்று நடவையும் அறுவடையையும் பார்த்தும் எழுதவில்லை.

தலைமையாசிரியை கெட்டிக்காரர். மறுநாளே பயிற்சியைக் காலை வழிபாட்டுக்கு முந்திய அரைமணிக்கு மாற்றினார். அப்பெண் வந்தாள். பரிசு கிடைக்கவில்லை, அது வேறு. ஆனால், அவளைப் பார்த்து மேலும் மூன்று தறி வீட்டுப் பிள்ளைகள் காலையில் நேரத்தோடு வரத் தொடங்கினார்கள் என்று அவர் சொன்னார். எந்த நடுவரும் இதற்கு மதிப்பெண் போடுவதில்லை. நம் ஒன்றிய அளவில் நாமே போடலாம் என்று நினைக்கிறோம். இங்கு நடக்கும் போட்டிகளில், நூறு மதிப்பெண்ணில் முப்பதை வருகைப் பதிவுக்கென ஒதுக்கலாம் என்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துடைய ஆசிரியர்கள் இருக்கலாம். கூட்டம் முடிந்தபின் சொல்லுங்கள், கேட்போம்.

இப்போது, ஊர் திரும்பியவுடன் செய்யத் தக்கவை யாவை?

கடம்பத்தூர்க் காலத்துப் பட்டியலை மீண்டும் எழுதுங்கள். 24 பேர் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது; அதன் தலைவர் ஒரு தாய். அவர் கையால் எழுதட்டும். குடிநீர்க் குழாய் இல்லாத பள்ளியில் பிள்ளை பிளாஸ்டிக் புட்டியைத்தான் கொண்டு வரும். ஆகவே முதல் வரியில் குழாய். அடுத்து மட்கும் குப்பைக்கு ஒரு குழி. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் சமைக்கும் பள்ளியில் காய்கறிக் கழிவு நாள்தோறும் விழும். அதுவே தோட்டத்திற்கு எருவாகும். பட்டியலில் விலையை எழுத மறக்க வேண்டா. ‘பள்ளிக்கு உதவுங்கள்’ என்று கேட்டால் ஒருவரும் அசைய மாட்டார். ‘குழாய்க்கு இவ்வளவு பாக்கி’ என்று சொன்னால் யாராவது மடியை அவிழ்ப்பார்.

பட்டியலைக் கிராம சபையில் படியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடுகிறது. பிள்ளைகளையே படிக்கச் சொன்னால் பெரியவர்கள் எழுந்து போக மாட்டார்கள்.

மூன்றாவதாக, ஒரு தராசு. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி வளாகத்தில் அகப்பட்ட பிளாஸ்டிக்கை நிறுத்து, எடையைப் பள்ளிச் சுவரில் எழுதட்டும். எடுப்பவர் கையுறை அணிந்த பெரியவர்களாயிருக்க வேண்டும். பிள்ளைகள் நிறுத்து எழுதினால் போதும். பிள்ளைகளைக் குப்பை பொறுக்க வைத்துப் படம் பிடிப்பது இயக்கமாகாது. நிறுத்ததை அன்றே தூய்மைக் காவலர்களின் வண்டி எடுத்துச் செல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு ஊராட்சியுடையது. குழி தோண்டி மூடக் கூடாது, கொளுத்தவும் கூடாது. எடை கூடினாலும் அப்படியே எழுதுங்கள். திருவிழா வாரத்தில் கூடத்தான் செய்யும். ஏன் கூடிற்று என்று ஊர் கேட்கட்டும்.

ஓராண்டு எடை எழுதிய சுவரோடு மஞ்சப்பை விருதுக்கு விண்ணப்பியுங்கள். பரிசு வந்தால் நல்லது. வராவிட்டாலும், சுவரில் எண் இருக்கும், குழாயில் தண்ணீர் இருக்கும். நடுவர்கள் எவராயினும் பின்புறத்தையும் பார்க்க வேண்டும் என்று நாமே எழுதிக் கேட்டுக்கொள்வோம்.

தராசு இல்லாத பள்ளிகள் எவை என்று ஊராட்சிச் செயலர்கள் இவ்வாரத்திற்குள் எம் அலுவலகத்திற்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம். நம் சொந்தப் பொறுப்பில் இரண்டு தராசுகள் வாங்கி வைத்திருக்கிறோம். முதலில் கேட்கும் இரு பள்ளிகளுக்கு அவை உரியவை. மற்றவற்றுக்கு ஊரில் எவரேனும் முன்வருவர் என்று நம்புகிறோம்.